மல்லிகாவுக்கு, அப்பாவின் குரல் இருக்கும் டிஸ்க் பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த ஹார்ட் டிஸ்க் நினைப்பாகவே இருக்கிறேன். அப்பா பேசப் பேச நீ பதிந்து வைத்ததெல்லாம் உள்ளே இருக்க, பாஸ்வேர்டு மட்டும் மறந்துபோனால் எப்படித் தூக்கம் வரும்? மாட்டும்போது விண்டோஸ் எது கேட்டாலும் ஃபார்மட் மட்டும் கொடுத்துவிடாதே. அதைச் செய்யாதவரை எதுவும் கைவிட்டுப் போகவில்லை.

முன்பணம் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். கொடுக்காதே. கம்ப்யூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு மட்டும் மறந்துபோயிருந்தால், டிஸ்க்கும் பூட்டப்படாமல் இருந்தால், கழற்றி வேறொன்றில் மாட்டிக் கோப்புகளை எடுத்துவிடலாம். அவர் அந்த மாதிரி வேலை பார்த்துப் பழகியவராக இருக்கும். நீ போட்டிருப்பது பிட்லாக்கர், விண்டோஸோடு வரும் டிஸ்க் பூட்டு. கோப்புகளே உருமாறிக் கிடக்கின்றன. அவற்றைப் பழையபடி ஆக்கும் உள்சாவியும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, உன் பாஸ்வேர்டால் மூடப்பட்டு. நீ போடுவது சரியா என்று பார்க்குமுன் 10,48,576 தடவை ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும்படி அதை அமைத்திருக்கிறார்கள். திருடிக்கொண்டு போனவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துச் சலித்துப் போகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, இப்போது உன்னையும் சேர்த்தே வெளியே நிறுத்தியிருக்கிறது.

ஆனால் பூட்டுப் போட்ட அன்றைக்கே பிட்லாக்கர் உன்னிடம் பாஸ்வேர்டு இல்லாமலே திறக்கிற தனி மீட்புச் சாவி ஒன்றைத் தந்திருக்கும். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. அதை எங்காவது சேமி, இல்லாவிட்டால் அச்செடு என்று கேட்காமல் மேலே போகவே விடாது. பூட்டுகிற டிஸ்க்கிலேயே சேமிக்கவும் விடாது. அதனால் அது வேறெங்கோ இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார். பழைய பென் டிரைவ்களில் பார். வாரண்டி சீட்டுகளோடு ஒரு தாள் மடித்துக் கிடக்கிறதா என்றும் பார். தாள் கிடைத்து, ஒரு தொகுதியில் ஓர் இலக்கம் அழிந்திருந்தால் கலங்காதே. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். அதை வைத்து விட்டுப்போன இலக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாவி அகப்படாவிட்டால் உன் நினைவைத்தான் நம்ப வேண்டும். ஒரு நோட்டை எடுத்து, அந்தக் காலத்தில் நீ வைத்த மற்ற பாஸ்வேர்டுகளை எல்லாம் எழுது. நீ எப்போதும் தமிழ்ச் சொல்லைத்தான் ஆங்கில எழுத்தில் அடிப்பாய். ழகரத்துக்கு இசட் எச் போடுவாயா, வெறும் எல் போடுவாயா? நெடிலுக்கு ஏ இரண்டா, ஒன்றா? கடைசியில் பிறந்த வருஷம் சேர்ப்பாயா? இதெல்லாம் தெரிந்தால், பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் ஹேஷ்கேட் என்ற நிரலில் அந்த வகைகளை மட்டும் ஓடவிடலாம். டிஸ்க்கிலிருந்து ஒரு சிறு துண்டுத் தகவலை எடுத்துக்கொண்டால் போதும், டிஸ்க் பத்திரமாக உன் அலமாரியிலேயே இருக்கும்.

ஸ்டீபன் தாமஸ் என்ற புரோகிராமரைப் பற்றி 2021-இல் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? 7,002 பிட்காயினின் சாவி இருந்த அயர்ன்கீ என்ற பூட்டுள்ள பென் டிரைவின் பாஸ்வேர்டு அவருக்கு மறந்துபோயிற்று. பத்துத் தடவை தவறினால் அந்த டிரைவ் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், எட்டு அப்போதே போயிருந்தது. உன் டிஸ்க்குக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. நிதானமாக யோசி.

இங்கே எல்லாரும் சுகம். மகளுக்கு மாதம் நெருங்குகிறது, மனசு அங்கேயே கிடக்கிறது. என் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படிதான் இன்னும் கொஞ்சம் சிரமம்.

எழுதிக்கொண்டு வரும்போதே இன்னொன்று தோன்றுகிறது. நீ அப்பாவைப் பதிந்தது கைப்பேசியில்தானே? அந்தப் பழைய கைப்பேசியோ அதிலிருந்த மெமரி கார்டோ இன்னும் இருக்கிறதா? டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு கார்டில் அழித்திருந்தாலும், மேலே புதிதாக எதுவும் பதியாமல் இருந்தால் எடுக்க வழி உண்டு. கிடைத்தால் அதில் ஒரு படம்கூட எடுக்காமல் அப்படியே எனக்கு அனுப்பு. உன் தம்பிக்கு ஏதாவது அனுப்பி வைத்தாயா என்றும் அவனையே கேட்டுப் பார்.

அன்புடன்,
விஜயா