வேலையை விட்டால் வீடு போய்விடாது

ஊத்தான் மெலிந்தாங்,
ஞாயிறு இரவு

அன்புள்ள குணா,

உன் குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை செம்பனை எண்ணெய் மில்லில் நின்று கேட்டதால் பாய்லர் சத்தத்தில் பாதி விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன். 22 வருசம் ஒரே தொழிற்சாலையில் உழைத்தவன் கையில் விஎஸ்எஸ் கடிதத்தை, அதுதான் இழப்பீடு கொடுத்து ஆட்களை அனுப்புகிற திட்டத்தின் கடிதத்தைக் கொடுத்து, மூன்று வாரத்தில் பதில் சொல் என்றால் தூக்கம் எப்படி வரும்? "வேலை மாறுவதைப் பற்றி நீ ஒரு கோச்சிடம் பேசுகிறாயாமே, அதெல்லாம் நமக்கு உதவுமா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் முக்கியமானதை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. போன வருசம் ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு 600 மலேசிய வெள்ளி கட்டிப் போனேன். நாள் முழுக்கக் கைதட்டினோம், "என்னால் முடியும்" என்று கத்தினோம். மறுநாள் காலை ஆறரைக்கு மில் கேட்டில் கார்டு தட்டும்போது எதுவும் மாறியிருக்கவில்லை. அந்தக் காசு இன்னும் உறுத்துகிறது. அதனால் மகள் இந்தக் கோச்சைப் பற்றிச் சொன்னபோது நான் முதலில் காதே கொடுக்கவில்லை. அவள்தான் விவரம் தேடினாள். கோச் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம், அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஐசிஎஃப் என்ற அனைத்துலகச் சங்கம் ஒன்று 1995 முதல் இருக்கிறது. அதன் முதல் படிச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் படிப்பும், 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்து பேசிய அனுபவமும் வேண்டும். அடுத்த படிக்கு 500 மணி நேரம். நீ யாரைப் பார்த்தாலும் இதை முதலில் கேள். கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என் கோச்சான இந்த அம்மா உடனே எடுத்துக் காட்டினார். அதோடு, முதல் அரை மணி நேரத்துக்குக் காசு வேண்டாம், பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார்.

அவர் ஈப்போ பட்டணத்துக்காரர். முன்பு ஒரு நிறுவனத்தில் ஆள்பலப் பிரிவில் இருந்தவர். ஒரு தடவைக்கு 150 வெள்ளி, மொத்தம் ஆறு தடவை, வீடியோ அழைப்பில். வேலை தேடித் தர மாட்டேன், இந்த வேலைக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. காசு கொடுக்கிறோம், வழி சொல்ல வேண்டாமா என்று நினைத்தேன்.

முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். 14 நாளைக்கு ஒவ்வொரு இரவும் மூன்றே வரி எழுத வேண்டும். இன்று என்ன வேலை செய்தேன், எதில் நேரம் போனது தெரியவில்லை, எதில் மணி நகரவே இல்லை. எழுதினேன். நமக்கு எழுதுவதற்கு என்ன இருக்கிறது சொல்லு? குலை லோரி வருகிறது, வெட்டிய பழக்குலையை 24 மணி நேரத்துக்குள் வேக வைக்காவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும், அதனால் ஒரு மெஷின் நின்றாலும் எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அழுத்து மெஷினின் திருகு தேய்ந்துவிட்டது, மாற்றினோம். இதையேதான் எழுதியிருப்பேன் என்று நினைத்திருந்தேன்.

அவர் நோட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்: "14 நாளில் 9 நாள் அந்தப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவன் யார்?"

அவன் பாகான் டத்தோவிலிருந்து வேலை பழக வந்திருக்கிற பையன், 19 வயது. ஒருநாள் கன்வேயர் மோட்டாரில் சத்தம் வித்தியாசமாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டான். நான் நீண்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையைப் பேரிங் மூடியின்மேல் ஊன்றி, கைப்பிடியை அவன் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் வைத்தேன். "கண்ணை மூடு. என்ன கேட்குது?" ஒன்றும் இல்லை என்றான். அப்புறம் பக்கத்து மோட்டாருக்குக் கூட்டிப்போய் அதே மாதிரி வைத்தேன். அது ஒரே சீராக, வீட்டு ஃபேன் ஓடுகிற மாதிரி இருந்தது. திரும்பவும் பழைய மோட்டாருக்கு வந்தோம். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். "அண்ணே, உள்ள மணல் அரைபடுற மாதிரி இருக்கு" என்றான். கண்ணைத் திறந்தபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் குணா. அன்று மாலை பேரிங்கைக் கழற்றினோம், உள்வளையத்தில் அரிசி அளவுக்குச் செதில் பெயர்ந்திருந்தது. அதை ஒரு துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

இதைச் சொல்லும்போது என் குரல் மாறியது எனக்கே கேட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் விட்டார். "சரி, இதைப் பற்றி இன்னும் பேசுவோமா?" என்றார். அவ்வளவுதான். வாத்தியாராகப் போ என்று இன்றுவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. நான்தான் சொன்னேன், மூன்றாவது தடவையில்.

சொன்னதும் வயிறு கலங்கிவிட்டது. அதைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவர் கேட்டார், "வேலையை விட்டால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள்?" நான் யோசிக்கவே இல்லை. "வீடு போயிடும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "உங்கள் வீடு வங்கிக் கடனில் வாங்கியது இல்லையா? கட்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?" என்றார். பட்டணத்தில் வளர்ந்தவருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்று. ரப்பர் பால் வெட்டுகிறவரைக்கும் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கலாம். தண்ணீர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை, கோயில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற அந்தப் பெரட்டுக் களத்துப் பெயர்ப்பட்டியலோடு கட்டப்பட்டது. பெயர் போனால் கூரையும் போகும்.

சொல்லிக்கொண்டே வந்தபோது அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் வேலையிலிருந்து நின்ற மூன்றாவது மாதம் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். டிராக்டரில் அம்மாவின் அலமாரியைக் கயிறு போட்டுக் கட்டியது நீதான். கண்ணாடி உடையக்கூடாது என்று உன் சட்டையைக் கழற்றி நடுவில் செருகினாய். அம்மா கறிவேப்பிலை மரத்தடியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றார்.

அந்தப் பயம்தான் குணா. எனக்குத் தாமான் குடியிருப்பில் சொந்த வீடு இருக்கிறது, 2031-இல் கடன் முடிகிறது, யாரும் என்னைக் காலி பண்ணச் சொல்ல முடியாது. ஆனாலும் வேலையை விடுவது என்று நினைத்தாலே அந்த டிராக்டர் சத்தம் வந்துவிடுகிறது. அதை அப்பாவிடமிருந்து வாங்கி இத்தனை வருசம் என்னுடையது என்று சுமந்திருக்கிறேன். உனக்கும் இது இருக்கும் என்று நினைக்கிறேன். நீயும் அதே லயத்தில் பிறந்தவன்.

அதைச் சொல்லி முடித்த பிறகு மீதி எல்லாம் கணக்குதான். கணக்கு என்றால் நமக்குப் பயம் இல்லை.

இப்போது ஓட்டி என்கிற கூடுதல் நேரச் சம்பளத்தோடு சேர்த்து 4,200 வெள்ளி வருகிறது. கற்பிக்கிற வேலைக்குப் போனால் ஆரம்பத்தில் 2,900 இருக்கும். உன் தங்கச்சியோடு உட்கார்ந்து 1,300 வெள்ளி பள்ளத்தை எப்படி மூடுவது என்று எழுதிப் பார்த்தோம். காருக்குக் கட்டுவது அடுத்த வருசம் முடிகிறது. மகள் போலிடெக்னிக்கை முடிக்கிறாள். இபிஎஃப் சேமநிதியில் கை வைக்கக்கூடாது என்று உன் தங்கச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். 2024 மே மாதத்திலிருந்து அதை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள் அல்லவா, புதிதாகச் சேர்வதில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கு, 15 விழுக்காடு இரண்டாவதுக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியதற்கு. அந்தக் கடைசிப் பத்தைக்கூட அவசரத்துக்கு மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அப்புறம் சான்றிதழ். நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன், யார் என்னைக் கற்பிக்க விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பிபிடி என்று ஒரு வழி இருக்கிறது. வகுப்பில் உட்காராமலே, வேலையில் கற்றதை ஆதாரத்தோடு காட்டித் திறன் மேம்பாட்டுத் துறையிடம் எஸ்கேஎம் என்கிற திறன் சான்றிதழ் வாங்கலாம். மெஷின் பழுதுபார்த்த பதிவேடு, படங்கள், மேலாளரின் கடிதம் எல்லாவற்றையும் கோப்பாகக் கட்ட வேண்டும், பிறகு மதிப்பீட்டாளர் நேரில் கேள்வி கேட்பார். நான் மூன்றாம் நிலைக்குக் கோப்புத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு விடிஓ என்கிற கற்பிக்கும் பயிற்சி. ஷா ஆலாமில் சியாஸ்ட் என்ற அரசு நிலையம் பயிற்றுநர்களைத் தயார் செய்வதற்கென்றே இருக்கிறது. திறன் பயிற்சி நிலையங்களில் கற்பிக்க இந்த இரண்டும் வேண்டும்.

ஒரு விசயத்தை மறைக்கக்கூடாது. முடிவு எடுக்கும் முன்னால் அந்த வேலையைச் செய்கிற மூன்று பேரிடம் பேசுங்கள், ஒரு நாளாவது போய்ப் பாருங்கள் என்று அந்த அம்மா சொன்னதால், தெலுக் இந்தானில் ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டு சனிக்கிழமை போய் நின்றேன். எல்லாப் பையன்களும் பாகான் டத்தோ பையன் மாதிரி இல்லை. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பிப்பதைவிடப் படிவம் நிரப்புகிற வேலை அதிகம் என்று ஒரு பயிற்றுநர் சொன்னார். கேட்டதும் சோர்ந்துவிட்டேன். ஆனால் இரண்டாவது சனிக்கிழமை முடிந்து, சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் தே தாரேக் குடிக்கும்போது, அடுத்த வாரம் அவர்களுக்கு எதைக் காட்டலாம் என்றுதான் மனசு ஓடியது. அது எனக்குப் போதும். அடுத்த வருசம் கடைசிவரை மில்லில் இருந்துகொண்டே வார இறுதியில் பகுதி நேரமாகக் கற்பிக்கப் போகிறேன். அதற்கப்புறம்தான் வேலையை விடுவது.

இப்போது உன் விசயம். உனக்கு என்னைப்போல நேரம் இல்லை. அதனால் கோச்சைத் தேடுவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய். கோபத்தில் ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே. 2018-இல் வந்த, சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதித் திட்டம் விஎஸ்எஸ்-இல் போகிறவர்களுக்குப் பொருந்தும், தானாக விலகினவர்களுக்குப் பொருந்தாது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகை மட்டும் இல்லை, புதுப் பயிற்சிக்கும் அதில் வழி இருக்கிறது. இரண்டாவது, வேலை இழப்பீட்டுக்கு ஒவ்வொரு முழு வருசச் சேவைக்கும் 10,000 வெள்ளிவரை வரிவிலக்கு உண்டு. ஆனால் உன் கடிதத்தில் அந்தப் பணத்தை எந்தப் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். கையெழுத்துக்கு முன்னால் வருமான வரி அலுவலகத்தில் கடிதத்தைக் காட்டிக் கேள்.

அப்புறம் அந்த நோட்டுப் புத்தகத்தை இன்று இரவே ஆரம்பி. அதற்கு 150 வெள்ளி வேண்டாம். பினாங்கு பாயான் லெப்பாஸில் நீ என்ன வேலை செய்கிறாய் என்று இத்தனை வருசத்தில் நானே உன்னிடம் ஒழுங்காகக் கேட்டதில்லை, அது எனக்கு வருத்தம்தான். இரவு ஷிப்டில் மெஷின் லைன் நின்றால் உன்னைத்தான் எழுப்புகிறார்கள் என்று தங்கச்சி ஒரு தடவை சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என்ன பார்க்கிறாய், எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? எனக்கு எழுது. நான் படிக்கிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். புது வீட்டுப் பின்புறம் வைத்த கறிவேப்பிலை இப்போது கூரைக்கு மேலே போய்விட்டது.

விஎஸ்எஸ் கடிதத்தை எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்பு. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடுகிறேன், இரண்டு பேரும் வரி வரியாகப் படிப்போம். அதுவரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதே.

உன்,
சந்திரன்