ஜஸ்ட் மிஸ் கதைகளைச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

என் பணி ஓய்வு விழாவில் நான் சொன்ன நன்றி, மேடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே சரியாகப் போய்விட்டது. இந்த மடல் அன்றைக்கு மண்டபத்துக்கே வராதவர்களுக்கு. அவர்களில் பலர் அந்நேரம் டியூட்டியில் இருந்திருப்பார்கள்.

கல்லூரியின் சிவில் துறையில் நான் பாடம் நடத்தியது போக்குவரத்துப் பொறியியல். சாலையில் தொடங்கி விமான ஓடுதளம் வரை போனேன். இரண்டிலும் ஒரே சிக்கல்தான். விபத்து நடந்துவிட்டால் கட்டுக்கட்டாகக் காகிதம் சேரும். நூலிழையில் தப்பியதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் மறைக்கவில்லை, தங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். செய்தி அந்த நிறுவனத்தின் சுவரைத் தாண்டவில்லை. அதன் பிறகுதான் 1976இல், பெயரை நீக்கிவிட்டுத் தகவலை மட்டும் வைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பை அமெரிக்கா தொடங்கியது. நடத்தும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவிடம் போனது. அதுதான் அதில் கெட்டிக்காரத்தனம்.

இதை வகுப்பில் சொன்னபோது, "நம்ம பஸ் டிரைவர்கள்கிட்ட கேட்டா சொல்வாங்களா சார்?" என்றாள் ஒரு மாணவி. முதல் நன்றி அவளுக்கு. என் வேலையின் பாதி அந்தக் கேள்விதான்.

அடுத்தது, ஊர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அந்தப் பணிமனையின் ஓட்டுநர் அண்ணன்மார்களுக்கு. முதலில் யாரும் பேசவில்லை. பேசினால் மெமோ வரும் என்ற பயம். அது நியாயமான பயம். பெயர் வேண்டாம், பஸ் நம்பர் வேண்டாம், இடமும் நேரமும் மட்டும் போதும் என்று புரிந்த பிறகு, டீக்கடையில் உட்கார்ந்து கொட்டித் தீர்த்தார்கள். ஒவ்வொரு கதையும் "ஜஸ்ட் மிஸ் சார்" என்றுதான் முடியும்.

ஒரே சாலையைப் பற்றிப் பலர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். மேலுக்கு மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது, பக்கத்து மண் அப்படியே கிடக்கிறது. பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கும் டூவீலர் அந்த விளிம்பில் இறங்குகிறது, திரும்ப ஏற முயலும்போது சக்கரம் விளிம்பில் உரசிச் சரிகிறது, சரிவது பஸ்ஸின் பக்கம். எந்தப் பாடப்புத்தகமும் இதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அதைக் கேட்டுவிட்டு, ஃபைலுக்குக் காத்திருக்காமல் ஓரத்தில் கிராவல் நிரப்ப ஏற்பாடு செய்த நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளருக்கும் என் வணக்கம்.

ஒரு தலைமைக் காவலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கை எதைப் படித்தாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்றுதான் இருக்கும். அதை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது. இவரோ, பிரேக் பிடித்ததில் டயர் சாலையில் தேய்த்த கோட்டை டேப் பிடித்து அளந்து, விபத்து இடத்தின் மாதிரி வரைபடத்தில் எழுதுவார். காய்ந்த சாலையில் 25 மீட்டர் கோடு, உராய்வு 0.7 என்றால் வண்டி குறைந்தது மணிக்கு 67 கிலோமீட்டரில் வந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். அவர் அளந்ததால் என் மாணவர்களுக்கு அந்தச் சூத்திரம் உயிர் பெற்றது. யாரும் கேட்காமலே அளந்தார் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

அப்புறம், ஓடுதளத்தில் ராத்திரி வேலை பார்க்கும் பராமரிப்புக் குழுவினர். இறங்கும் விமானத்தின் சக்கரம் தரையைத் தொடும்வரை சுழலாமல் இருக்கிறது. தொட்ட கணத்தில் உரசி ரப்பரைத் தரையில் பூசிவிட்டுப் போகிறது. அது தளத்தின் சொரசொரப்பை அடைத்துவிட்டால் மழைநீருக்குப் போக்கிடம் இல்லை. அதை அதிக அழுத்தத் தண்ணீரால் பீய்ச்சி எடுப்பார்கள். என் மாணவர்களைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். நாசாவின் வால்டர் ஹார்ன் தந்த எளிய கணக்கு ஒன்று உண்டு: டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் 'நாட்' என்ற அலகில் கிடைக்கும். 200 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள விமான டயருக்கு 127 நாட். 32 பிஎஸ்ஐ கார் டயருக்கு சுமார் 51 நாட், அதாவது மணிக்கு 94 கிலோமீட்டர். மழையில் ஈசிஆரில் பறப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஆய்வக உதவியாளருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பேராசிரியர்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போதே, "ரப்பர் ஓரம் தேஞ்சிருச்சு சார், இதுல எடுக்கிற ரீடிங் வேண்டாம்" என்று, தளம் எவ்வளவு வழுக்கும் என்று அளக்கும் பெண்டுலம் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விமான விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். துணை விமானி மூன்று முறை, இறங்க வேண்டாம், மேலே எழுப்பிச் சுற்றி வரலாம் என்று சொல்லியிருக்கிறார். கேப்டன் கேட்கவில்லை. பெரியவர் முன்னால் சின்னவர் வாய் திறப்பதும், திறந்தால் பெரியவர் காதில் ஏறுவதும் இரண்டு தனி வேலைகள்.

எனக்கு நேரடியாக உதவாதவர்களுக்கும் ஒரு நன்றி. 2020 ஆகஸ்ட் 7 இரவு, கோழிக்கோட்டில் ஓடுதளம் தாண்டி விழுந்து உடைந்த விமானத்திலிருந்து, கொரோனா காலம் என்றும் பாராமல் ஆட்களைத் தூக்கி ஓடிய கொண்டோட்டி மக்களுக்கு. ரத்தம் கொடுக்கவும் அன்றிரவே வரிசையில் நின்றார்கள்.

வீட்டில் என் மனைவிக்கு. கார் பயணத்தில் அவரும் இப்போது சாலை ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார். இது நான் செய்த கைங்கர்யம். மன்னிக்கவும்.

பழைய மாணவர்கள் எனக்காக ஏதோ பணம் திரட்டுவதாகக் கேள்விப்பட்டேன். சால்வை, வெள்ளித்தட்டு எதுவும் வேண்டாம். ஆய்வகத்துக்கு பெண்டுலம் ரப்பர் ஒரு செட் வாங்கிக் கொடுங்கள். எந்த வகை என்று உதவியாளரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய போக்குவரத்து வாத்தியார்