கேமரா முன்னாடி உக்காரப்போற சித்திக்கு

அன்புள்ள சித்தி,

நேத்து ராத்திரி போன்ல, யூட்யூப் பசங்க வந்து உங்க கதைய சொல்லுங்கம்மான்னு கேக்குறாங்க, சொல்லவான்னு கேட்டீங்க. வேண்டவே வேண்டாம்னு பட்டுனு சொல்லிட்டேன். அப்புறம் தூக்கமே வரல.

அப்போ ஒருத்தர் ஞாபகம் வந்துச்சு. யான் ஆர்துஸ்-பெர்த்ரான்னு ஒரு பிரான்ஸ்காரர், மேலருந்து பூமிய போட்டோ எடுக்குறவர். மாலி நாட்டுல ஒருநாள் அவரோட ஹெலிகாப்டர் ரிப்பேராகி நின்னுபோச்சு. அன்னிக்கு பூரா அந்த ஊர்க்காரர் ஒருத்தர் அவரோட உக்காந்து பேசியிருக்கார், புள்ளைங்க வயித்த நிரப்பணும், அது ஒண்ணுதான் என் ஆசைன்னு. அதுலருந்து பொறந்தது 2003ல ஆரம்பிச்ச ஒரு வேலை, 84 நாட்டுல 6,000 பேரு கேமரா முன்னாடி பேசுனாங்க, பிரேசில் மீனவர், சீனாவுல கடை வெச்சிருக்கவர், ஆப்கானிஸ்தான் விவசாயி, எல்லாருக்கும் ஒரே கேள்விங்கதான். நடுவுல பஞ்சாயத்து பண்ண ஆள் கெடையாது சித்தி, முகம் மட்டும்தான் தெரியும், அவங்க பேச பேச நாம கேக்குறோம், அவ்ளோதான்.

நம்ம ஊர் டிவில புருஷன் பொண்டாட்டி சண்டைய லைட்டு போட்டு உக்கார வெச்சு தீர்ப்பு சொல்றத பாத்துப் பாத்துதான் எனக்கு பயம். நீங்க ரெண்டு மணி நேரம் பேசுவீங்க, அவங்க நீங்க அழுத அரை நிமிஷத்த மட்டும் வெட்டி ஷார்ட்ஸா போட்டு மேல சோக மியூசிக்க ஏத்தினா என்ன பண்றது? அதனால பேசுறதா இருந்தா, மொதல்ல அந்தப் பசங்ககிட்ட இதெல்லாம் கேளுங்க. போடுறதுக்கு முன்னாடி முழு வீடியோவ காட்டுவீங்களா, தலைப்பு என்ன, தம்ப்நெயில்ல என்ன எழுதுவீங்க, நாளைக்கு எடுத்துருங்கன்னா எடுப்பீங்களா. அப்புறம் சித்தப்பா குடிச்சது உங்க கதை, சரி, ஆனா அதுல தங்கச்சியோட படிப்பு நின்ன கதையும் இருக்கு, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லுங்க.

பீடி சுத்தி மூணு புள்ளைய வளத்த மனுஷி, எவனோ முன்பின் தெரியாத பையன்கிட்ட மனசு திறக்க நினைக்கிறீங்கன்னா, வீட்டுல நாங்க யாரும் கேக்கலன்னுதான அர்த்தம். அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது.

ஞாயித்துக்கெழம வர்றேன். அந்த 6,000 பேருகிட்ட கேட்ட கேள்வில ஒண்ணு, அம்மா அப்பாகிட்டருந்து என்ன கத்துக்கிட்டீங்கன்னு. தாத்தாவப் பத்தி நீங்க ஒருநாளும் பேசினதில்ல. மொதல்ல அத எனக்கு சொல்லுங்க சித்தி, போன உள்ள வெச்சுட்டு கேக்குறேன்.