சேனல் போய்விட்டது, கட்டணம் மட்டும் போகவில்லை

அனுப்புநர்:
சந்தாதாரர் (கணக்கு எண் இணைப்பில் உள்ளது),
பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: அக்டோபர் 2025

பொருள்: ‘மேற்குக் கரைக் கல்லூரி விளையாட்டு’ பேக்கேஜுக்கு 2024 ஜூலை முதல் வசூலித்த தொகையைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

எந்த மொழியிலும் புகார் எழுதலாம், மொழிபெயர்த்துப் படித்துக்கொள்வோம் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். சாட்டில் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இனித் தமிழில் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அடிப்படைச் சந்தாவுக்கு மேல், மேற்குக் கரைக் கல்லூரி அணிகளின் ஆட்டங்களைப் பார்ப்பதற்காகவே மாதம் 12 டாலர் தனியாகக் கட்டி வருகிறேன். ‘உங்கள் ஊர் அணி, உங்கள் ஊர்ப் பகை, எல்லாம் ஒரே இடத்தில்’ என்பதுதான் நீங்கள் கொடுத்த விளம்பரம். அந்தப் பேக்கேஜின் உயிரே பாக்-12 கான்ஃபரன்ஸின் (அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டு தங்களுக்குள் ஆடிய கூட்டமைப்பு) சொந்தச் சேனல்தான். 2012 ஆகஸ்டில் ஆரம்பித்த அந்தச் சேனல் 2024 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. மறுநாளே அந்த இடத்தில் மீன்பிடிப் போட்டியும் பழைய கோல்ஃப் ஆட்டங்களும் ஓடும் ஒரு சேனலை வைத்தீர்கள். பேக்கேஜின் பெயரை மாற்றவில்லை, கட்டணத்தைக் குறைக்கவில்லை, எனக்கு ஒரு வரி தகவலும் இல்லை. இந்த செப்டம்பரில் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டபோது 15 டாலர் எடுத்திருக்கிறீர்கள். இல்லாத சேனலுக்கு விலையேற்றம் வேறு!

இதைக் கேட்டதற்கு உங்கள் சாட்டில் வந்தவர், “அணிகள் கான்ஃபரன்ஸ் மாறியது பல்கலைக்கழகங்களின் முடிவு சார், அதில் எங்கள் பங்கு எதுவும் இல்லை” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. திரையில் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படித்திருப்பார். எழுதிக் கொடுத்தவருக்குத்தான் என் பதில்.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் யூஎஸ்சி, யூசிஎல்ஏ பல்கலைக்கழகங்கள் இரண்டும் பாக்-12ஐ விட்டு பிக் டென் என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. அதே வருட ஆகஸ்டில் பிக் டென் மூன்று டிவி நிறுவனங்களோடு ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பார்வையாளர்கள் கையில் இருந்ததால் வந்த விலை அது. மிச்சமிருந்த பத்துப் பேருக்கு அந்த அளவில் யாரும் காசு கொடுக்க முன்வரவில்லை. 2023 ஜூலையில் கொலராடோ கழன்றுகொண்டது. ஆகஸ்ட் 4, ஒரே நாளில், ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அதுவும் டிவி வருமானத்தில் முழுப் பங்கு இல்லாமல் குறைந்த பங்குக்கே, கிளம்பிவிட்டன. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போயின. செப்டம்பர் 1 அன்று, பசிபிக் கடலோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடலோரத்தின் ஏசிசி கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. 1915 முதல் வழிவழியாக வந்த ஒரு கான்ஃபரன்ஸில் கடைசியாக மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். இதில் எந்த முடிவையாவது டிவி பணத்தை எடுத்துவிட்டு விளக்க முடியுமா? உங்களைப் போன்றவர்கள் மாதாமாதம் என்னைப் போன்றவர்களிடம் வாங்கும் காசுதான் அந்த ஒப்பந்தங்களாக மாறுகிறது. பங்கு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதில் இன்னொரு கொடுமை, கான்ஃபரன்ஸ் கலைந்தது அது நலிந்து கிடந்த வருடத்தில் இல்லை. 2023 டிசம்பரில் பாக்-12 இறுதியாட்டத்தில் வாஷிங்டன் 34–31 என்று ஆரிகனை வென்று, தேசிய இறுதிவரை போய் மிச்சிகனிடம்தான் தோற்றது. ஆட்டத்தின் தரம் கூடிய வருடத்திலேயே கடையைக் கட்டினார்கள்.

நான் புல்மனில் வாஷிங்டன் ஸ்டேட்டில் முதுகலை படித்தவன். என் மனைவி சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். எங்கள் வீட்டு ஹாலில் என் அணியின் சிவப்புத் துண்டும் அவர் அணியின் ஊதாத் துண்டும் சோஃபாவின் ஆளுக்கொரு முனையில் கிடக்கும். இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் 1900 முதல் ஃபுட்பால் (பந்தைக் கையில் எடுத்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) ஆடுகின்றன. 1962 முதல் அந்த ஆட்டத்துக்கு ஆப்பிள் கப் என்று பெயர். மொத்தக் கணக்கில் சியாட்டில்தான் வெகுதூரம் முன்னே இருக்கிறது. அதை என் மனைவி சொல்லிக்காட்டாத நவம்பர் கிடையாது. ஆனால் 1992இல் கொட்டும் பனியில் எங்கள் ட்ரூ பிளெட்சோ எறிந்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஃபிலிப் போபோ பனிக்குவியலுக்குள் சறுக்கிப் போனதை, அப்போது பிறந்தே இராத பிள்ளைகள்கூட நேரில் பார்த்ததுபோலச் சொல்வார்கள். 42–23 என்று ஜெயித்தோம். சியாட்டில்காரர்கள் யாரும் தாமாக அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் விடுமுறை வாரத்தில், இந்த ஆட்டத்துக்காகச் சியாட்டிலிலிருந்து புல்மனுக்கு ஐ-90 நெடுஞ்சாலையில் பயணித்தவர்களுக்குத் தெரியும். ஸ்னோக்வால்மி கணவாயில் பனி, எல்லன்ஸ்பர்க்கில் பெட்ரோல் போட வரிசை, வேன்டேஜ் பாலத்தில் கொலம்பியா ஆற்றைத் தாண்டியதும் ஆள் நடமாட்டமே இல்லாத வறண்ட மேடு, அதற்கப்புறம் கோதுமைக் குன்றுகள். ஜன்னலில் சிவப்புக் கொடி கட்டிய காரும் ஊதாக் கொடி கட்டிய காரும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டே போகும், பிறகு ஒரே காபிக் கடையில் நிற்கும். புல்மனிலிருந்து திரும்புகிற வண்டிகளில், தோற்றாலும் ஜெயித்தாலும், பல்கலைக்கழகப் பால்பண்ணையின் கூகர் கோல்ட் சீஸ் டின் ஒன்று கட்டாயம் இருக்கும்.

இது பங்காளிச் சண்டை. ஒரே அலுவலகம், ஒரே தெரு, சில வீடுகளில் ஒரே சமையலறை என்று வருடம் முழுக்க முகத்தில் விழித்தாக வேண்டியவர்களோடு போடுகிற சண்டை. தோற்றால் மறுநாள் வேலைக்குப் போவதற்கே கூசும். இந்தக் கூச்சத்தை நியூ ஜெர்சியில் இருக்கும் பிக் டென் அணி ரட்கர்ஸோடு ஆடி உண்டாக்க முடியாது. உங்களுக்கு இது புரியவில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. 2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை மாலை, ‘பரம வைரிகளின் மோதல், தவறவிடாதீர்கள்’ என்று உங்கள் செயலியிலிருந்து எனக்கு ஒரு அறிவிப்பு வந்தது. திறந்து பார்த்தால், ரட்கர்ஸ் ஊரில் வாஷிங்டன் ஆடுகிறது. ரட்கர்ஸோடு எங்களுக்கு என்ன வரப்புத் தகராறு? ஆட்டத்தில் வாஷிங்டன் 21–18 என்று தோற்றது. வைரி தோற்றதற்குச் சந்தோஷப்பட வேண்டிய நானே, ‘பாவம், இவ்வளவு தூரம் போய்’ என்றுதான் நினைத்தேன்.

ஆப்பிள் கப் முற்றிலும் நின்றுவிடவில்லை என்பது சரிதான். 2028 வரை ஆட ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் கான்ஃபரன்ஸ் ஆட்டம் என்ற தகுதி போய்விட்டதால் நவம்பர் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குத் தள்ளிவிட்டார்கள். 2024இல் அது செப்டம்பர் 14. சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அப்போது இலையுதிர் கால வகுப்புகளே தொடங்கியிருக்கவில்லை. மாணவர்கள் ஊரில் இல்லாத நாளில் மாணவர் அணிகளின் ஆட்டம். அதே நாளில் கார்வாலிஸில் ஆரிகனும் ஆரிகன் ஸ்டேட்டும் மோதின. 1894இல் தொடங்கிய பகை அது, அவர்களுக்கும் இதே கதி. முன்பெல்லாம் இந்த ஆட்டங்கள் சீசனின் கடைசியில் இருந்ததால், வருடம் முழுக்கத் தோற்ற அணிகூட எதிராளியின் சாம்பியன் பட்டக் கனவைக் கெடுத்துவிட்டுப் போகலாம். செப்டம்பரில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது?

இப்போது என் புகாரின் மையத்துக்கு வருகிறேன். ‘உங்கள் ஊர்ப் பகை, எல்லாம் ஒரே இடத்தில்’ என்று விற்ற உங்கள் பேக்கேஜில் 2024 ஆப்பிள் கப் இல்லை. உங்கள் அடிப்படைச் சந்தாவிலும் இல்லை. அதன் உரிமை வேறொரு ஸ்ட்ரீமிங் நிறுவனத்திடம் இருந்தது. உங்கள் செயலியில் ‘ஆப்பிள் கப்’ என்று தேடியதற்கு ஆப்பிள் பை செய்யும் சமையல் நிகழ்ச்சி ஒன்று வந்தது. வேறு வழியில்லாமல் அந்த மாதம் அவர்களுக்கும் தனியாகக் காசு கட்டினேன். கட்டியதற்குப் பலன் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி நிமிடங்களில், நாலாவது டவுன் (அதாவது கடைசி வாய்ப்பு), கோல் கோட்டுக்கு ஒரு யார்டு. ஹஸ்கீஸ் (வாஷிங்டன் அணி) பந்தைப் பக்கவாட்டில் ஓட்டக்காரரிடம் தள்ளிவிட்டார்கள். எங்கள் பையன்கள் அவரைக் கோட்டைத் தொடவிடாமல் அமுக்கினார்கள். 24–19. என் மனைவி ரிமோட்டை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். இந்தக் காட்சிக்குத்தான் ஐயா நான் உங்களுக்கு மாதாமாதம் பணம் கட்டினேன். கிடைத்தது வேறு இடத்தில்.

அன்று எங்களுக்கு ஆடிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜான் மேட்டியர் அந்த சீசன் முடிந்ததும் ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்டுக்குப் போனார். பெரிய கான்ஃபரன்ஸ் இல்லாத ஊரில் யார் தங்குவார்கள்? போன மாதம் ஹஸ்கீஸ் புல்மனிலேயே 59–24 என்று எங்களைப் பந்தாடினார்கள். தோல்வி பழகியதுதான். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் வருமானம் மலைக்கும் மடுவுக்கும் ஆகிவிட்டால் இன்னும் எத்தனை வருடம் இதைப் பகை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும் என்று தெரியவில்லை.

எங்கள் ஊருக்கு மட்டும் நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 1894 முதல் ஆடியவர்கள், 2011க்குப் பிறகு 2024 வரை முகம் பார்க்கவில்லை. கேன்சஸும் மிசூரியும் அதே 2011இல் ஃபுட்பாலை நிறுத்தி இந்த வருடம்தான் திரும்ப ஆடின. ஓக்லஹோமாவின் இரண்டு பல்கலைக்கழகங்களும் 1910 முதல் விடாமல் ஆடியதை 2023 நவம்பரோடு நிறுத்திவிட்டன. பிரிந்தவர்கள் சேரும்போது நீங்கள் ‘வரலாற்று மறுசந்திப்பு’ என்று விளம்பரம் போடுகிறீர்கள். பிரிந்ததிலும் காசு, சேர்ந்ததிலும் காசு.

பேக்கேஜை விடாமல் வைத்திருக்கச் சொல்லி நீங்கள் இப்போது அனுப்பியிருக்கும் மின்னஞ்சலில், ‘2026இல் பாக்-12 திரும்பி வருகிறது, மேற்கின் பகைகள் மீண்டும்’ என்று இருக்கிறது. போய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் எல்லாம் நல்ல அணிகள்தான். டெக்சஸ் ஸ்டேட்டும் வருகிறது, வரட்டும். ஆனால் இவர்களோடு பகை இனிமேல்தான் முளைக்க வேண்டும். அதற்கு ஒரு தலைமுறை ஆகும். உண்மையான பகை வேண்டுமென்றால் புல்மனிலிருந்து எட்டே மைலில், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் மாஸ்கோ ஊரில் ஐடஹோ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு காலத்தில் தோற்ற ஊர் மாணவர்கள் ஜெயித்த ஊருக்கு அந்த எட்டு மைலையும் நடந்தே போவார்கள். ஐடஹோ கீழ்நிலைப் பிரிவில் இருப்பதால் அந்த ஆட்டமும் எப்போதாவதுதான் நடக்கிறது. அதை உங்கள் மின்னஞ்சலில் காணோம்.

நான் கேட்பது இது. 2024 ஜூலை முதல் இந்தப் பேக்கேஜுக்கு எடுத்த தொகை முழுவதையும் என் அட்டைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த மாத சந்தாவில் கழித்துக்கொள்கிறோம், கூப்பன் தருகிறோம் என்ற பேச்சே வேண்டாம். பேக்கேஜை இப்போதே ரத்து செய்யுங்கள். இடையில் நிறுத்துவதற்கான கட்டணம் என்று பில்லில் எதுவும் வரக்கூடாது, ஏனென்றால் இடையில் நிறுத்தியவர் நான் இல்லை. அப்புறம், விளம்பரத்தில் ‘உங்கள் ஊர்ப் பகை’ என்று இன்னமும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எந்தெந்த ஆட்டங்களுக்கு உரிமை இருக்கிறது, எவற்றுக்கு இல்லை என்பதைச் சந்தா வாங்குவதற்கு முன் தெரிகிற மாதிரி போடுங்கள்.

சீசன் நடுவில் எழுதுவதால் பதிலை விரைவாக எதிர்பார்க்கிறேன். முப்பது நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால், வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் இதே கடிதத்தை ஆங்கிலத்தில் கொடுப்பேன். அதை மட்டும் என் மனைவி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் ஊதாவும் சிவப்பும் ஒரே கட்சி.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்

இணைப்பு: 2024 ஜூலை முதல் உள்ள பில்கள், விளம்பரத்தின் நகல், ரட்கர்ஸ் ஆட்ட அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், சாட் உரையாடல்.