அது கோரை இல்லை, அண்ணா

கம்ப்ரியா, இங்கிலாந்து
ஜூலை 18

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "அங்கேயும் கோரை விளையுதா, பாய் நெய்யலாமா, கொஞ்சம் விதை அனுப்பு" என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் இருப்பது கோரை இல்லை. இங்கே அதை ரஷ் என்கிறார்கள், தாவரப் பெயர் ஜன்கஸ் எஃபியூசஸ்.

முசிறியில் நீங்கள் அறுக்கும் கோரைக்குத் தண்டு முப்பட்டை. இதன் தண்டு உருண்டை, வழவழப்பு. விரிந்த இலை கிடையாது, அடியில் பழுப்புச் சட்டை மட்டும் சுற்றியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே நெட்டி போன்ற வெள்ளைச் சோறு அடி முதல் நுனி வரை அறாமல் வரும். சோறு விட்டுவிட்டு இருந்து, தண்டும் நீலம் பாய்ந்து வரிவரியாக இருந்தால் அது ஜன்கஸ் இன்ஃப்ளெக்சஸ், வேறு இனம். ஆனால் தண்டை மட்டும் நம்பக் கூடாது. இங்கே பாய்க்கும் நாற்காலிக்கும் ஆற்றில் அறுக்கும் இன்னொரு செடி இருக்கிறது, அதற்கும் உருண்டைத் தண்டுதான், ஆனால் அது கோரைக் குடும்பம். பூவைப் பார்த்தால் குழப்பம் தீரும். கோரைப் பூ செதில் செதிலாக அடுக்கியிருக்கும். ரஷ் பூவுக்கு ஆறு சிறு இதழ், காய் மூன்றாக வெடிக்கும்.

மலையடிவாரத்தில் ஊற்று கசிகிற இடம், மழைநீர் இறங்காமல் நிற்கிற புளிப்பு மண், வாய்க்கால் தூர்ந்த மேய்ச்சல் நிலம், இவைதான் அதன் வீடு. சேற்றில் வேருக்குக் காற்று கிடைக்காது அல்லவா? தண்டுக்குள் இருக்கும் காற்று அறைகள் வழியாக மேலிருந்து கீழே காற்று இறங்குகிறது. ஈரக் காலத்தில் மாட்டை விட்டால் குளம்பு பட்டு மண் இறுகும், புல் கிழியும். அந்த வெற்று மண்ணில் வெளிச்சம் பட்டதும் பழைய விதை முளைத்துவிடும்.

மேய்ச்சல் நிலத்தில் இது களைதான், ஆனாலும் இதை முழுதாக ஒழிப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். நம் ஆள்காட்டியின் உறவான லேப்விங், உள்ளான், கர்லூ எல்லாம் இந்த நிலத்தில்தான் முட்டையிடுகின்றன. லேப்விங்குக்குக் குட்டைப் புல் வேண்டும், உள்ளானுக்கு ஒளிய ரஷ் தூர் வேண்டும். அதனால் திட்டுத்திட்டாக விட்டு வெட்டுகிறார்கள். குஞ்சுகள் பறந்த பிறகு, ஆகஸ்டில்தான் கத்தி இறங்கும்.

ஒரே வெட்டோடு விட்டால் அடுத்த ஆண்டு அதே அடர்த்தி வந்து நிற்கும். அடியோட்டி வெட்டி, துளிர்த்ததும் மறுபடி வெட்டி, பிறகு மாட்டை மேயவிட வேண்டும். வெட்டியதை அங்கேயே போட்டால் கீழே புல் மூச்சுத் திணறிச் சாகும், அள்ளித் தொழுவத்தில் பரப்பலாம். தண்ணீர் கட்ட வசதி இருந்தால் இன்னும் நல்லது. வெட்டின கட்டை மூழ்கும்படி குளிர்காலம் முழுக்கத் தேக்கினால் காற்றுக்குழாய் அடைபட்டு வேர் அழுகிவிடும். எம்.சி.பி.ஏ. என்ற களைக்கொல்லியும் அடிக்கிறார்கள், அது வாய்க்கால் வழியாகக் குடிநீர் வரைக்கும் போய்விடுகிறது.

பாய் விஷயம். ஜப்பானில் குமாமோட்டோ பக்கம் இதற்கு மிக நெருங்கிய ஒரு தேர்ந்த வகையை நெல் வயல் போலவே பயிரிடுகிறார்கள். நவம்பர், டிசம்பரில் நட்டு, அடுத்த ஜூன், ஜூலையில் அறுப்பு. அறுத்த கையோடு களிமண் கரைசலில் முக்கி உலர்த்துகிறார்கள், நிறமும் வாசமும் நிற்பதற்காக. நாம் கோரையைக் கிழிக்கிறோம், அவர்கள் கிழிப்பதில்லை. உள்ளே இருக்கும் சோறுதான் ததாமி பாய்க்கு அந்த மெத்தென்ற தன்மையைத் தருகிறது. இங்கிலாந்தில் அந்தச் சோற்றுக்கு முன்பு வேறு வேலை. தோலை உரித்து, ஒடியாமலிருக்க ஒரு மெல்லிய நாரை மட்டும் விட்டு, காயவைத்து, உருகிய கொழுப்பில் முக்கி எடுத்தால் ஏழை வீட்டு விளக்கு தயார்.

விதை மட்டும் கேட்காதீர்கள், அண்ணா. விதை அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், நனைந்தால் பிசுபிசுவென்று காலிலும் குளம்பிலும் ஒட்டும், மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். கோரைக்கிழங்கு ஒன்றோடு வயலில் நீங்கள் படும் பாடு போதும். காய்ந்த தண்டு நாலைந்தைக்கூட நான் அனுப்பப் போவதில்லை, காய்க்குள் விதை இருக்கும். பூவின் படத்தைக் கிட்டத்தில் எடுத்து அடுத்த கடிதத்தில் வைக்கிறேன்.

அம்மாவை முழங்காலுக்கு மருந்து விடாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி