பொருள்: கடையில் பூட்டிய குளிர்த் தொகுதிக்கு இணக்கப் பத்திரம் தராதது பற்றி

மதிப்புக்குரிய உரிமையாளர் அவர்களுக்கு,

பாரிஸ் லா சப்பலில் உள்ள எங்கள் மீன், மரக்கறிக் கடைக்குக் கடந்த மாதம் நீங்கள் கரியமில வாயுவில் ஓடும் குளிர்த் தொகுதி ஒன்று பூட்டித் தந்தீர்கள். குளிர் நன்றாகத்தான் இருக்கிறது. குறை கடதாசியில்.

காப்புறுதிக்காரர் வந்து முழுத் தொகுதிக்குமான இணக்கப் பத்திரத்தை, அதாவது அது விதிகளுக்கு இணங்கியது என்று தயாரிப்பாளர் கையொப்பமிட்டுத் தரும் கடதாசியைக் கேட்டார். நீங்கள் தந்த கோப்பில் காற்றாடியின் கையேடும் உங்கள் பற்றுச்சீட்டும்தான் கிடந்தன. இயந்திரத் தகட்டில் உச்ச அழுத்தத்துக்கான கட்டத்தில் "120" என்று மார்க்கர் பேனையால் எழுதியிருக்கிறது. மழையில் அதுவும் பாதி அழிந்துவிட்டது. தயாரிப்பாளர் பெயருக்கான இடம் வெறுமை.

தொலைபேசியில் கேட்டால் உங்கள் பொடியன், "அண்ணை, கொம்பிரசர், தாங்கி, வால்வு எல்லாத்திலயும் சிஇ இருக்குத்தானே" என்கிறார். அந்த ஐரோப்பிய இணக்க முத்திரை அவற்றில் இருக்கிறது, நானும் பார்த்தேன். ஆனால் 2014/68 ஐரோப்பிய அழுத்தக் கருவி விதிப்படி, பாகங்களைக் கோத்து இயங்கும் தொகுதியாக விற்பவரே அதன் தயாரிப்பாளர். தாங்கித் தகட்டில் கொள்ளளவு 25 லீட்டர், உச்ச அழுத்தம் 80 பார் என்று இருக்கிறது. பெருக்கினால் 2,000; ஆபத்தின் அளவுக்கேற்ப அந்த விதி பிரிக்கும் நாலு வகையில் அது மூன்றாம் வகை. தொகுதியும் அந்த வகைக்குக் குறையாது. அப்படியென்றால் அங்கீகாரம் பெற்ற மூன்றாம் தரப்பு ஒன்று சரிபார்த்து, அதன் நாலு இலக்க எண்ணும் சிஇ முத்திரையோடு தகட்டில் வரவேண்டும். அது எங்கே?

அப்புறம், "உங்கட இடத்தில பூட்டினது, பொறுப்பும் உங்கட" என்றார். பாவிக்கிறவரின் இடத்தில் கோத்ததுக்கு விதியில் விலக்கு உண்டுதான்; ஆனால் அது, தன் பொறுப்பிலேயே தொகுதியைக் கோக்கிற தொழிற்சாலைகளை நினைத்து வைத்தது. நான் மீன் வெட்டுகிறவன்.

அழுத்தம் கூடினால் வாயுவை வெளியே விடும் காப்பு வால்வின் வாயையும் பாருங்கள். பின்கதவுக்கு நேரே, பெட்டி இறக்கும் பொடியள் நிற்கும் இடத்தில், முகத்தின் உயரத்தில் திறந்திருக்கிறது. கரண்ட் போய் இயந்திரம் நின்றுவிட்டால், 30 பாகை வெயிலில் இந்த வாயு சும்மா கிடந்தே 70 பாரைத் தாண்டும். தாங்கியின் எல்லை 80. ஓகஸ்டில் இங்கே எவ்வளவு வெயில் அடிக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

14 நாளுக்குள் கையொப்பமிட்ட இணக்கப் பத்திரமும், ஒழுங்கான தகடும், பிரெஞ்சு மொழியில் முழுக் கையேடும் வேண்டும். வால்வின் வாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோக ஆள் அனுப்புங்கள். மீதி 3,500 யூரோ வங்கியில் இருக்கிறது; பத்திரம் கைக்கு வந்த அன்றே அனுப்புவேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்