கொம்பும் காலும்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

நேரில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். போனே இதை வாசித்துக் காட்டும் என்று பாப்பா சொன்னாள். ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கேள்.

ஃபோர்மேன் பதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாமே. தினமும் லாக் புத்தகம் எழுத வேண்டும், அதுதானே? மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்கிறவன் நீ. நான்கு வரி எழுதப் பயந்து, இத்தனை வருடமாக அடுத்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து எழுதி வாங்குகிறாய். மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நேற்று பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உன் நான்காம் வகுப்பு நோட்டு கிடைத்தது. ‘கோயில்’ என்று எழுத, ‘க’வை முதலில் போட்டுவிட்டுக் கொம்பையும் காலையும் அதற்குப் பின்னால் போட்டிருக்கிறாய். நான் சிவப்பு மையால் அடித்து, ஐம்பது முறை எழுத வைத்திருக்கிறேன். ஐம்பதிலும் அதே தவறு. கடைசிப் பக்கத்தில் தாள் ஈரம் பட்டுச் சுருங்கியிருக்கிறது. 28 வருடம் தமிழாசிரியையாக இருந்தவளுக்கு நேற்றுத்தான் உறைத்தது. வாயில் ககரம் முதலில் வருகிறது, ஓகாரம் பிறகு வருகிறது. எழுத்தில் கொம்பு முந்திக்கொள்கிறது. நீ காதில் விழுந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறாய். சோம்பேறி என்று சொல்லி அடித்தேன். என்னை மன்னித்துவிடு, தம்பி.

பாப்பாவைப் பரிசோதித்த உளவியலாளர், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டபோது நீ தரையைப் பார்த்தாய். இந்த டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுகிற குறைபாடு, பரம்பரையாக வரக்கூடியது, அறிவுக்குறைவு அல்ல, வளர்ந்தால் தானாகப் போய்விடுவதும் இல்லை என்று அந்த அம்மா சொன்னார். நீ பத்தாம் வகுப்பு எழுதிய 2006-இல் நடப்பில் இருந்த 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் சேர்த்துப் பட்டியலை 21 ஆக்கியது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் தொழிற்சாலையின் கொள்கை என்ன என்று கேள். லாக் விவரத்தைக் குரலில் பதிவு செய்கிறேன், அல்லது டிக் போடுகிற மாதிரி படிவம் கொடுங்கள் என்று மேலாளரிடம் சொல். மறைப்பதற்கு நீ படுகிற பாடு, வாசிப்பதற்குப் படுகிற பாட்டைவிடப் பெரிதாக எனக்குத் தெரிகிறது.

மே மாதம் பாப்பாவை அனுப்பி வை. தட்டில் அரிசியைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதப் பழக்குகிறேன். அவளை அவசரப்படுத்த மாட்டேன். நீயும் நான்கு நாள் விடுப்பு எடுத்து வா. கிணற்று மோட்டார் ஒரு மாதிரி முனகுகிறது. மெக்கானிக்கை இன்னும் கூப்பிடவில்லை.

அன்புடன்,
அம்மா